அறுத்த வயலில் அர்ஜென்டினா

கால்பந்து மைதானத்துக்கு எவ்வளவு நிலம் வேணும்னு என்னைக்காவது கணக்குப் போட்டிருக்கீங்களா? உலகக் கோப்பை ஆடுற மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நம்ம கணக்குல ஒன்றே முக்கால் ஏக்கர். பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுற செவன்ஸ் ஆட்டத்துக்கு ஒரு ஏக்கர்கூட வேண்டாம். ஆனா ஊர்ப் பசங்க ஓடியாட அந்த ஒரு ஏக்கர் எங்க பக்கத்துல பல கிராமங்கள்ல இப்ப இல்லீங்க.

இது உறைச்சது பாலக்காட்டுப் பக்கம் ஒரு ஆட்டம் பார்த்தப்பத்தான். எங்க தோட்டத்து நேந்திரனை வருசாவருசம் வாங்குற வியாபாரிக்குக் கொல்லங்கோடு பக்கம் ஊர். "அண்ணே, ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல பிரேசிலும் அர்ஜென்டினாவும் மோதுது, வந்துடுங்க"ன்னு கூப்பிட்டார். மாசி மாசக் கடைசி. பொள்ளாச்சியில இருந்து கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி வண்டியிலயே போயிட்டேன்.

ரெண்டாம் போகம் அறுத்து முடிச்ச வயல் அது. தாளை ஒட்ட வெட்டி, சுண்ணாம்புல கோடு போட்டு, பாக்கு மரத்துல கோல் கம்பம் நட்டிருந்தாங்க. நாலு அணி: அர்ஜென்டினா, பிரேசில், போர்ச்சுகல், ஜெர்மனி. ஆடுறவங்க எல்லாரும் அந்தந்த நாட்டு ரசிகர்கள்தான். ஆட்டோ ஓட்டுறவர், கொத்தனார், மளிகைக் கடைக்காரர், காலேஜ் பசங்க. நம்ம வியாபாரிக்கு 45 வயசு. மஞ்சள் பனியன்ல 10-ஆம் நம்பர் போட்டுக்கிட்டு நின்னார். தொப்பைதான் பனியனுக்குள்ள அடங்கல.

கேரளாவுல இந்தப் பைத்தியம் புதுசு இல்லை. 2022 உலகக் கோப்பை சமயத்துல கோழிக்கோடு பக்கம் புல்லாவூர்ங்கிற ஊர்ல ஆத்துக்குள்ளயே 30 அடிக்கு மெஸ்ஸிக்குக் கட்அவுட் வெச்சாங்க. பிரேசில்காரங்க பக்கத்துலயே 40 அடிக்கு நெய்மாரை நிறுத்தினாங்க. இந்தியா இதுவரைக்கும் ஒரு உலகக் கோப்பையிலகூட ஆடினதில்லை. அதனால அவனவன் தனக்குப் பிடிச்ச நாட்டைத் தத்தெடுத்துக்கிறான்.

பாதிக்குப் பத்து நிமிசம், மூச்சு வாங்கினா வெளிய வந்து வேற ஆளை அனுப்பலாம். ஊர் வாத்தியார்தான் விசில். முதல் ஆட்டத்துல ஜெர்மனிக்கு ஆறு பேர்தான் வந்திருந்தாங்க. எதிர்த்து ஆட வேண்டிய அர்ஜென்டினாவே ஒரு ஆளைக் கடன் கொடுத்தாங்க. அந்தப் பையன் சொந்த அணிக்கு எதிரா கோல் போட்டுட்டான்! "துரோகி, துரோகி"ன்னு வரப்பெல்லாம் ஒரே கூச்சல். ஆட்டம் முடிஞ்சதும் அவனுக்கு முதல் சர்பத் வாங்கிக் கொடுத்தது அர்ஜென்டினாக்காரங்கதான்.

ஜெயிச்சவங்களுக்குப் பரிசு ஒரு பழுத்த நேந்திரன் குலை. வாங்கின இடத்துலயே பிச்சு, ஆடினவங்க, பார்த்தவங்கன்னு எல்லாருக்கும் கொடுத்தாச்சு. எனக்கும் ரெண்டு கிடைச்சுது. நம்ம தோட்டத்துப் பழத்தைவிட ருசின்னு சொல்ல மாட்டேன்.

பரிசு இப்படிச் சின்னதா இருக்கிறதுதான் சரின்னு நான் நினைக்கிறேன். எங்க பக்கத்துல நடக்கிற கிரிக்கெட் டோர்னமென்ட்ல நுழைவுக் கட்டணம், ஆயிரக்கணக்குல பரிசு, ஆளுயர பிளெக்ஸ் எல்லாம் உண்டு. பணம் பெருசானதும் வெளியூர்ல இருந்து ஆள் கூட்டிட்டு வர்றாங்க. உள்ளூர்ப் பையன் ஓரமா உட்கார்ந்து கை தட்டுறான். கடைசியில ஒரு அவுட்டுக்காக ரெண்டு ஊர் பேசாமப் போகுது. குலைக்காக யாரும் மண்டையை உடைச்சுக்க மாட்டாங்க. இத்தாலியில 1997-ல இருந்து பல வருசம் இனவெறிக்கு எதிரா ஒரு கால்பந்துப் போட்டி நடத்தினாங்க. அங்க நடுவரே இல்லாம ஆடினாங்க. ஜெயிக்கிறதைவிடச் சேர்ந்து ஆடுறது முக்கியம்னா நடுவர்கூடத் தேவைப்படாதுபோல.

சரி, நிலத்துக்கு வர்றேன். வயல்காரர் பெரியவர் வரப்புல குடை பிடிச்சு உட்கார்ந்திருந்தார். விவசாயி புத்தி, கேட்டுட்டேன்: "இத்தனை பேர் மிதிச்சா மண் இறுகிப் போகாதுங்களா?" அவர் சிரிச்சார். "கோடை மழை விழுந்ததும் ஒரு உழவு ஓட்டுவேன். பின்னால தண்ணி கட்டித் தொழி அடிக்கிற வயல்தானே. அதுவரைக்கும் சும்மா கிடக்கிற நிலம். பிள்ளைங்க ஆடட்டும்." வாடகை ஒரு பைசா கிடையாது.

அங்க வயலைக் காப்பாத்த 2008-ல சட்டமே போட்டாங்க. அதையும் மீறி வயல் குறையத்தான் செய்யுது. ஆனாலும் அறுவடைக்கு அப்புறம் திறந்து கிடக்கிற நிலம்னு ஒண்ணு அந்த ஊர்ல இன்னும் இருக்கு. எங்க பக்கத்துல நெல் போன இடமெல்லாம் தென்னை. 25 அடிக்கு ஒரு மரம், ஏக்கருக்கு 70 மரம். அதுக்குள்ள பந்து எங்க உதைக்கிறது? தென்னை வைக்காத இடத்துல சைட் போட்டுக் கல் நட்டாச்சு. மிச்சம் இருக்கிறதைச் சுத்தி முள்கம்பி வேலி.

அந்த வேலிக்குள்ள இருக்கிறதுல சில ஏக்கர், இதைப் படிக்கிற உங்கள்ல சிலரோடது. கோவையிலயும் சென்னையிலயும் உங்க பிள்ளைங்க மணிக்கணக்குக்குக் காசு கட்டி டர்ஃப்ல ஆடுறாங்க. ஊர்ல உங்க தாத்தா நிலத்துல சீமைக் கருவேலம் வளருது. ரோட்டுல பந்து உதைக்கிற பசங்க லாரிக்கு வழி விட்டு வழி விட்டு ஆடுறாங்க.

"விட்டா நிலத்தைப் பிடிச்சுக்குவாங்க"ங்கிற பயம் எனக்கும் புரியுது. அதனால காலம் குறிச்சே கொடுங்க. மாசியில இருந்து சித்திரை மழை வரைக்கும்னு ஒரு தாள்ல எழுதி, பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர்கிட்டயோ ஊர்ப் பெரியவங்ககிட்டயோ கையெழுத்து வாங்கிக்கோங்க. மழை விழுந்ததும் உழவு ஓட்டிடுங்க. உழுத நிலத்துல யாரும் பந்து ஆட முடியாது. இதைவிட நல்ல வேலி எனக்குத் தெரியலைங்க. உழவு ஓட்ட ஆள் கிடைக்கலைன்னா சொல்லுங்க, டிராக்டர் நான் அனுப்புறேன். டீசல் காசு மட்டும் நீங்க கொடுத்தாப் போதும்.