அது அவன் பாவமில்லை

ஜெபவீடுகளைப் பற்றி நம் கூட்டங்களில் நானும் கிண்டலாகத்தான் பேசியிருக்கிறேன் தோழர்களே. அபின் என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். இப்போது அப்படிப் பேச வாய் வரவில்லை.

காரணம் என் சித்தி மகன். துறைமுகத்தில் காண்ட்ராக்ட் கூலி. திருவொற்றியூரில் அவன் குடித்துவிட்டு விழுந்து கிடக்காத தெரு கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் பெண்டாட்டி கம்மலைக் கழற்றி என் கவுண்டரிலேயே அடகு வைத்தாள். நகைக்கடன் சீட்டை நான்தான் எழுதினேன். அந்தப் பணத்தில் எண்ணூர்ப் பக்கம் ஒரு ஜெபவீட்டில் சேர்த்தோம்.

விடியக்காலையில் எழுப்பி, கஞ்சி கொடுத்து, பாட்டுப் பாட வைத்து, 'பிரதர்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மேஸ்திரியும் போலீசும் அவனை 'டேய்' தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாலு மாசம் கழித்து வந்தவன் கையை நீட்டினான்: "பாருண்ணா, நடுங்கல." இதை அபின் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? (ஒன்று மட்டும்: முற்றிய குடியைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரும் போகலாம். முதல் சில நாளைக்கு ஜெபம் பத்தாது, டாக்டர் வேண்டும்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சாட்சி சொன்னான். போய்க் கேட்டேன். 'நான் பாவி' என்று ஆரம்பித்தான். பெண்டாட்டியை அடித்ததைச் சொன்னான். அப்புறம் எட்டு வயசுக்குப் போனான். அப்பன் பெல்ட்டால் விளாசியது, பள்ளிக்கூடத்தில் சேரிப் பிள்ளைகளை மட்டும் கக்கூஸ் கழுவ விட்டது, காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போன இடத்தில் ஒரு பெரிய மனுஷன் செய்த அசிங்கம், எல்லாவற்றையும் வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னான். சொல்லி முடித்து எல்லாவற்றுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டான். கூட்டம் அல்லேலூயா என்றது. எனக்கு நெஞ்சடைத்தது. யார் செய்த குற்றத்துக்கு யார் மன்னிப்புக் கேட்பது?

1935-இல் அமெரிக்காவில் ஒரு கிறித்தவக் குழுவின் மடியிலிருந்து பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அதன் பன்னிரண்டு படிகளில் குடிகாரன் தன் தவறுகளைத்தான் கணக்கெடுத்து ஒப்புக்கொள்கிறான். பெண்டாட்டியை அடித்தவனுக்கு அது வேண்டும். அவள் காலடியில் போய் ஒப்புக்கொள்ளட்டும். எட்டு வயசுப் பிள்ளையிடம் ஒப்புக்கொள்ள என்ன இருக்கிறது? 1998-இல் ஃபெலிட்டி, அண்டா குழு வெளியிட்ட ஆய்வு சொல்கிறது: பால்யத்தில் நான்கு வகையோ அதற்கு மேலோ கொடுமை பட்டவர்கள் குடி, போதை, தற்கொலை முயற்சியில் விழும் வாய்ப்பு நாலிலிருந்து பன்னிரண்டு மடங்கு. அந்த ஆய்வின் பட்டியலில் சாதி இல்லை. நாம் சேர்த்துக்கொள்வோம்.

அம்பேத்கர் 1956 அக்டோபர் 14-இல் நாக்பூரில் எடுக்க வைத்த 22 உறுதிமொழிகளில் 'மது அருந்த மாட்டேன்' என்பதும் ஒன்று. அங்கே யாரும் 'நான் பாவி' என்று முட்டி போடவில்லை. நின்றுகொண்டு சொன்னார்கள். மதமும் குடிநிறுத்தமும் சேர்ந்தேதான் வந்தன, ஆனால் சுயமரியாதையாக வந்தன.

பாவத்தைத் தனிமனிதன் தலையில் கட்டுவது யாருக்கு வசதி? சித்தி மகனுக்கு மீசை அரும்பும் முன்பே, 2003 நவம்பரில், சில்லறை மது விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது. 2023-24-இல் டாஸ்மாக் வழியாக வந்த வருமானம் 45,855 கோடி. அதற்கு எந்த மேடையிலும் சாட்சி இல்லை.

ஜெபவீடுகளையும் சும்மா விடக்கூடாது. 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை அடைத்த விடுதியில் தீப்பிடித்துச் சங்கிலியோடு கருகியவர்கள் 28 பேர். 2017 மனநலச் சட்டம் குடி, போதைப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. சங்கிலியைத் தடை செய்திருக்கிறது. மாணவர்கள் நாலு பேர் போய் அந்த வீடுகளின் பூட்டு உள்பக்கமா வெளிப்பக்கமா என்று பார்த்துவிட்டு வரலாம்.

ஆனால் நம்மிடம் என்ன வீடு இருக்கிறது? கருத்தரங்குக்கு மண்டபம் பிடிக்கத் தெரிந்த நமக்கு, ராத்திரி பத்து மணிக்குக் கை நடுங்க வந்து நிற்பவனை உட்கார வைக்க ஒரு பாய் இல்லை. அவன் பேசுவதைக் கேட்டுவிட்டு 'அது உன் பாவமில்லடா' என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

கம்மலைப் போன மாசம் மீட்டாள். அவன் இன்னும் ஞாயிறு தவறாமல் போகிறான், போகட்டும். நேற்று காசிமேடு வழியாக நடந்து வரும்போது ஐஸ் கம்பெனிகள் பக்கம் நின்றுவிட்டான்.

"ண்ணா, அந்த ஆளு இன்னும் உயிரோட கீறானா?"