ஓடும் சொல்



பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் போன வாரம் ஆங்கில நோட்டோடு வந்து நின்றாள். 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்' என்ற வரிக்குக் கீழே, 'நாங்கள் பாலை விட்டு வெளியே ஓடினோம்' என்று எழுதி, தானே அடித்தும் இருந்தாள். "ரன்னுன்னா ஓடுன்னுதானே அத்தை மனப்பாடம் பண்ணினேன்?" என்றாள். முகம் வாடிப்போயிருந்தது. அவள் மேல் தப்பே இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று பழக்கியது நாம்தான்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் அதிகப் பொருள் கொண்ட வினைச்சொல் 'செட்'. 2011-இல் அந்த இடம் 'ரன்'னுக்கு வந்தது. வினையாக மட்டும் 645 பொருள்! பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்து வேலை பார்த்தார். மனிதரும் குதிரையும் ஆறும் ஓடிக்கொண்டிருந்த சொல்லில், பின்னால் ரயில் ஏறியது, இயந்திரம் ஏறியது, கடைசியில் கம்ப்யூட்டரும் ஏறிக்கொண்டது.

ஆங்கிலத்தில் மூக்கு ஓடும், நமக்கு ஒழுகும். துணியின் சாயம் அங்கே ஓடும், இங்கே போகும். கடைக்கும் அவர்களுக்கு 'ரன்'தான், நாம் நடத்துகிறோம். தேர்தலில் அமெரிக்கர் ஓடுகிறார், பிரிட்டனில் நிற்கிறார்கள், நாமும் நிற்கிறோம்.

நம் 'ஓடு' மட்டும் என்ன, சும்மாவா இருக்கிறது? ஃபேன் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மூளைதான் சில நேரம் ஓடமாட்டேன் என்கிறது. "எப்படி இருக்கீங்க?" என்றால், "ஏதோ ஓடுது" என்கிறோம். அந்த ஒரு சொல்லில் எத்தனை குடும்பங்களின் மாதக்கடைசி இருக்கிறது! இதை எந்த அகராதியைப் பார்த்தும் நாம் கற்கவில்லை. அடுப்படியிலும் திண்ணையிலும் காதில் விழுந்தே வந்தது.

அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "வீட்டில் பால் இல்லேன்னா அம்மா என்ன சொல்வாங்க?"

"பால் தீர்ந்துபோச்சும்பாங்க."

"அதுதான் பதில். அப்படியே எழுது."

எழுதினாள். முகம் தெளிந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு வேண்டுகோள். சொல்லுக்கு எதிரே ஒற்றை வார்த்தை எழுதுவதை விட்டு, அந்தச் சொல் வரும் ஒரு முழு வாக்கியத்தை எழுதச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் 'ஓடு' எதற்கெல்லாம் வருகிறது என்று எங்களுக்கும் ஓர் அஞ்சலட்டை போடுங்கள். அடுத்த இதழில் அதற்கென ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்