சிறுநீரக நோயும் தோட்டத்து மக்களும்



சிறுநீரக வியாதி என்றதும், 1990களில் அநுராதபுரம், பொலன்னறுவை விவசாயிகளிடையே காரணம் புலப்படாது தோன்றிய நோயையே நினைக்கும் நம் மலையகத்தார், நீரிழிவும் இரத்த அழுத்தமும் அதே கேட்டை லயன்களிலும் விளைவிக்கும் என்பதை உணரல் வேண்டும்.

இரத்தத்திலுள்ள கிரியேட்டினினைக் கொண்டு கணிக்கப்படும் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிலீற்றருக்குக் குறைந்தோ, சிறுநீரில் அல்புமின் கசிந்தோ 3 மாதங்களுக்கு மேல் நீடிப்பின் அது நாட்பட்ட நோய். அத்திறன் 15க்குக் கீழே இறங்கின் அது ஐந்தாவதும் இறுதியுமான நிலை. ஆரம்ப நிலைகளில் உபாதை யாதும் தெரியாதாகையால், ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்) போய்விடுமே என்று கிளினிக்கைத் தள்ளிப்போட்டு, கொழுந்து சுமந்த முதுகுவலிக்குக் கடையில் வாங்கிய, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலி மாத்திரைகளையே தினந்தோறும் விழுங்குவோர், கால் வீங்கிய பின்னரே வைத்தியரை நாடுகின்றனர்.

நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளருக்கு ஆண்டுதோறும் கிரியேட்டினின், அல்புமின் ஆகிய இவ்விரு பரிசோதனைகளையும், அன்றைய சம்பளம் குறையாமல், தோட்டந்தோறும் நடத்த சுகாதார அதிகாரிகளும் நிர்வாகங்களும் ஆவன செய்வார்களாக.

இங்ஙனம்,
தோட்டவாசி ஒருவர்,
ஹட்டன்.