பழைய பெட்டிக்கு என்ன பெறுமதி?

பழைய மோட்டார் வாகனத்தை விற்பவர், அது எவ்வளவு தூரம் ஓடியது என்று சொல்லியாக வேண்டும். வீட்டுக் கணினிகள் அனைத்துக்கும் பொதுவாக வலையமைப்பில் இணைத்து வைக்கும் சேமிப்புப் பெட்டியை (நாஸ் என்பார்கள்) விற்பவரோ கொள்ளளவை மாத்திரம் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்.

கலஹாவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர் ஒருவருக்கு, இரு வன்தட்டுகள் கொண்ட 2012 ஆம் ஆண்டுப் பெட்டி ஒன்று கண்டியில் மலிவாக வந்திருக்கிறது. வாங்கலாமா என்று கேட்டார். அதில் அவர் சேமிக்க எண்ணுவது சுற்றுவட்டாரத் தோட்டக் குடும்பங்களின் பழைய பத்திரங்கள், புகைப்படங்கள் ஆகியவற்றின் பிரதிகளை. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் அங்கிருந்து அதிக தொலைவில் இல்லை. அவருடைய வரலாறு நூல்களில் இருக்கிறது. கொழுந்து பறித்தவர்களின் வரலாறு பெரும்பாலும் றங்குப்பெட்டிகளில்தான் கிடக்கிறது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்கள் இவர்கள். அடுத்த ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தபோது, இடைவிடாது இந்நாட்டில் வசித்ததற்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. பெருந்தொகையான விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. காகிதத்தின் பெறுமதியை இவர்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

ஆகவே விலையைப் பேசுமுன் வன்தட்டுகளின் வயதைக் கேட்க வேண்டும். தாம் இயங்கிய மணித்தியாலங்களை வன்தட்டுகளே பதிந்து வைக்கின்றன. பெட்டியின் நிர்வாகப் பக்கத்திலோ, தட்டைக் கணினியில் இணைத்தோ பார்த்துவிடலாம். ஓராண்டுக்கு 8,760 மணித்தியாலம். 40,000 ஐத் தாண்டிய தட்டு நாலரை ஆண்டு ஓயாமல் சுழன்றது. போதாததற்கு, 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாடு இது. திடீரென மின்சாரம் நிற்பது இத்தகைய பெட்டிகளுக்கு ஆகாது. அத்தகைய தட்டுகளுக்கு நான் ஒரு சதமும் கொடுக்கமாட்டேன். வெற்றுக் கூட்டுக்குப் பழைய இரும்பின் விலை தரலாம்.

அதைவிடப் பெரிய குறை கண்ணுக்குத் தெரியாதது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் பெட்டிகளுக்கான மென்பொருள் திருத்தங்கள் 2015 உடன் நின்றன. 2021 ஜூனில், இணையத்தோடு இணைந்திருந்த அப்பெட்டிகள் பலவற்றை யாரோ தொலைவிலிருந்து துடைத்தெடுத்தார்கள். உலகெங்கும் பலர் பல்லாண்டுச் சேமிப்பை ஒரே இரவில் இழந்தனர். 2024 இல் டி-லிங்க் பழைய பெட்டிகள் சிலவற்றில் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, திருத்தம் வராது, பாவனையிலிருந்து அகற்றுங்கள் என்று அந்நிறுவனமே கூறிவிட்டது. பெட்டி ஓடிக்கொண்டிருப்பதால் பத்திரமாக இருக்கிறது என்று பொருளல்ல.

இரண்டு தட்டிலும் ஒரே பிரதி பதிவாகிறதே என்பார் விற்பவர். ஒரு தட்டு பழுதானால் மற்றது காக்கும், உண்மைதான். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். பெட்டியே செத்துவிட்டால், பெரும்பாலும் லினக்ஸ் முறையில் பதியப்பட்ட தட்டுகளை விண்டோஸ் கணினி தானாக வாசிக்காது. தெரிந்த ஒருவரைத் தேட வேண்டும்.

நண்பருக்கு நான் வேண்டாமென்று சொல்லவில்லை. கூட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கி, புதிய தட்டுகள் இரண்டைப் போடட்டும். அவ்வயதுப் பெட்டிகள் சில பெரிய தட்டுகளை ஏற்பதில்லை. அதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். ரவுட்டரோடு இணைக்காமல், கணினியோடு நேரே கம்பியால் தொடுத்து, வேலை முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறருடைய பிறப்புச் சான்றிதழ்கள் அதில் இருக்கின்றன அல்லவா?

இன்னொரு பிரதி கலஹாவுக்கு வெளியே இருந்தாக வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் பட்ட பாட்டை நாம் கண்டோம். நண்பரின் மகள் கொழும்பில் இருக்கிறார். சிறிய வெளி வன்தட்டு ஒன்று அவருடைய அலுமாரியில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி கலஹா வந்து, புதியவற்றைப் பதிந்துகொண்டு திரும்பட்டும்.