நாய் குறுக்கே ஓடினால் என்ன செய்வது?

விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புளியந்தோப்பு நெடுஞ்சாலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஆட்டுத்தொட்டிக்கு ஓட்டிச் செல்லப்படும் ஆடுகள், இறைச்சி ஏற்றிவரும் வண்டிகள், அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவரும் நாய்கள், யாரோ கறவை முடித்து அவிழ்த்துவிட்ட மாடுகள், காசிமேட்டிலிருந்து திரும்பும் மீன்பாடி வண்டிகள். இத்தனைக்கும் நடுவே, முதல் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதே என்று விரையும் மோட்டார் சைக்கிள்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி விரைந்தவர்களில் நானும் ஒருவன். இரவு முழுவதும் மழை பெய்து ஓய்ந்திருந்தது. நிறுத்தி வைத்திருந்த இரண்டு லாரிகளுக்கு நடுவிலிருந்து ஒரு செவலை நாய் பாய்ந்தது. நான் ஸ்கூட்டரை வலப்பக்கம் ஒடித்தேன். அதே நொடியில் பிரேக்கையும் இறுகப் பிடித்தேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது, தரையில் கிடந்தபடி வானத்தைப் பார்த்ததுதான். காறை எலும்பு முறிந்திருந்தது. நாய் எதிர்ப்புறத் திண்ணையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கூடிய கூட்டத்தில் ஒருவர், “ஒரு உயிரைக் காப்பாத்திட்டீங்க வாத்தியாரே” என்றார். அந்தப் பாராட்டை ஏற்க எனக்கு அன்றும் மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை. இருபது ஆண்டுகள் உராய்வு பற்றிப் பாடம் நடத்திய ஒருவன், உராய்வின் கணக்கைத் தெருவில் மறந்துவிட்டான். நடந்தது அவ்வளவுதான்.

அந்தக் கணக்கை உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்க விரும்புகிறேன். உங்களுக்கு இன்னும் வண்டி ஓட்டும் வயது ஆகவில்லை. கியர் வண்டிக்குப் பதினெட்டு ஆக வேண்டும். ஆனால் அப்பாவின் பின்னாலோ அண்ணனின் பின்னாலோ உட்கார்ந்து தினமும் பள்ளிக்குப் போகிறீர்கள் அல்லவா? கணக்கு உங்களுக்கும் உரியதே.

பதினைந்து மீட்டர் தூரத்தில் ஒரு நாய் குறுக்கே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை பிரேக்கை அழுத்தும்வரை ஏறக்குறைய ஒரு வினாடி போய்விடும். அந்த ஒரு வினாடியில் வண்டி முழு வேகத்தோடு ஓடிக்கொண்டே இருக்கிறது. மணிக்கு 30 கி.மீ. வேகம் என்றால் 8.3 மீட்டர், 40 என்றால் 11.1 மீட்டர்; 60 என்றால் 16.7 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. உலர்ந்த சாலையில், பழகிய கை, வினாடிக்கு வினாடி 6 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்க முடியும் என்று கொள்ளுங்கள். முப்பதில் வந்தவர் மேலும் 5.8 மீட்டர் ஓடி, மொத்தம் 14 மீட்டரில் நின்றுவிடுகிறார். நாய்க்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் மீதி. நாற்பதில் வந்தவர் நிற்க 21 மீட்டர் வேண்டும். ஆகவே மணிக்கு ஏறக்குறைய 32 கி.மீ. வேகத்தில் நாயை மோதுகிறார். அறுபதில் வந்தவரோ பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே நாய் இருந்த இடத்தைக் கடந்துவிட்டார்! அவருக்கு நல்ல பிரேக், நல்ல டயர், நல்ல மனம் எல்லாம் இருக்கலாம். எதையும் பயன்படுத்த அவருக்கு நேரம் இல்லை.

“பிரேக் பிடிக்க இடமில்லை என்றால் ஒடித்துத் தப்பிக்கலாமே?” என்று கேட்பீர்கள். நான் செய்தது அதைத்தான். இங்கேதான் டயரின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். சாலையைப் பிடித்துக்கொள்ள ஒரு டயருக்கு இருப்பது ஒரே ஒரு கையிருப்பு. வேகத்தைக் குறைக்கவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். திரும்பவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பைதாகரஸ் தேற்றம் இங்கே வந்து உதவுகிறது. நனைந்த சாலையில் அந்தக் கையிருப்பு 5 என்று வைப்போம். பிரேக்குக்கு 4 செலவழித்தால் திரும்புவதற்கு 3 மிஞ்சும். செங்கோண முக்கோணத்தின் 3, 4, 5 தான்! பிரேக்கை இறுகப் பிடித்து 5-ஐயும் செலவழித்துவிட்டால், திரும்புவதற்குப் பூஜ்யம். அந்த நிலையில் ஒடித்தால் முன் சக்கரம் வழுக்கும். இரண்டு சக்கர வண்டியில் முன் சக்கரம் வழுக்கினால் அநேகமாக விழுகைதான். என் காறை எலும்புக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. நாய் ஒரு புள்ளி அல்ல. வினாடிக்கு ஐந்து மீட்டர் ஓடக்கூடிய பிராணி. பயந்தால் சட்டென்று வந்த வழியே திரும்பும். நீங்கள் வலப்பக்கம் ஒடிக்க முடிவெடுக்கும் வினாடியில், அதுவும் வலப்பக்கம் ஓட முடிவெடுத்திருக்கலாம். போதாததற்கு, வலப்பக்கத்தில் எண்ணூர் நெடுஞ்சாலையைப் பிடிக்கப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று வந்துகொண்டிருக்கும். அதன் கனத்தோடு ஒப்பிட்டால் நாயின் கனம் ஒன்றுமே இல்லை.

ஆகவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நாய், பூனை போன்ற சிறு பிராணிகள் குறுக்கே வந்தால் வண்டியை ஒடிக்கக் கூடாது. வண்டியை நிமிர்த்தி, நேராக வைத்து, இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடிக்க வேண்டும். வேகம் நன்றாகக் குறைந்த பிறகு, இடம் இருந்தால் விலகலாம். மோதல் தவிர்க்க முடியாது என்றானால், கைப்பிடியை உறுதியாகப் பற்றியபடி நேராகவே போக வேண்டும். கேட்பதற்குக் கொடுமையாக இருக்கிறதா? வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோ, நாய் 20 கிலோ என்றால், உந்தம் மாறாமை விதிப்படி 40 கி.மீ. வேகம் 36 ஆகக் குறையும். நிமிர்ந்து நேராகப் போகும் வண்டி அதைப் பெரும்பாலும் தாங்கும்; சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும் வண்டியால் அதைத் தாங்க முடியாது. நாயிடம் இரக்கம் உள்ளவர்கள் அதைக் காட்ட வேண்டிய இடம் கைப்பிடி அல்ல. அதற்கு நூறு மீட்டர் முன்னால், ஆக்சிலேட்டரில் காட்ட வேண்டும்.

மாடு விஷயம் வேறு. 400 கிலோ மாட்டை மோதினால் அதே 40 கி.மீ. வேகம் 13-க்கு இறங்கிவிடும். அந்த வேக மாற்றம் முழுவதையும் ஓட்டுபவரின் உடம்பு வாங்கிக்கொள்ள வேண்டும். மேலும், மாட்டின் கனம் அதன் நான்கு கால்களுக்கு மேலே, வண்டியின் முகப்பு விளக்கைவிட உயரத்தில் இருக்கிறது. வண்டி காலில் இடிக்கும். ஆள் விலாவில் இடிப்பார். எனவே மாட்டைக் கண்டால் நிற்பது ஒன்றுதான் வழி. நின்றபின் கடக்க வேண்டுமென்றால் அதன் பின்புறமாக, சற்றுத் தள்ளிக் கடக்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும் மாடு முன்னே போகும். சட்டென்று பின்னால் வராது. மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் அதற்குத் தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. ஒட்டி உரசிப் போனால் மிரளும். அருகில் போய் ஹாரன் அடிப்பதைப் போன்ற அறிவீனம் வேறில்லை. மிரண்ட மாடு எந்தப் பக்கம் பாயும் என்று மாட்டுக்கே தெரியாது.

இரவில் நாய், மாடு, ஆடு ஆகியவற்றின் கண்கள் விளக்கொளியில் பளபளப்பதைக் கண்டிருப்பீர்கள். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று அவற்றுக்கு உண்டு, நமக்கு இல்லை. அந்தப் பளபளப்பை நம்பி ஓட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். எருமை மறுபுறம் பார்த்துப் படுத்திருந்தால் கண் தெரியாது; கறுத்த தாரின் மேல் கறுத்த உடல் மட்டுமே இருக்கும். மழைக்காலத்தில் அவை ஏன் நடுச்சாலையில் வந்து படுக்கின்றன? பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய தெருவில் உலர்ந்த மேடு அதுதான். பகலில் தார் வாங்கிய வெப்பமும் மெல்ல மெல்ல வெளிவந்துகொண்டிருக்கும். மாடு தன் கணக்கைச் சரியாகத்தான் போடுகிறது. நம் கணக்கு: விளக்கின் ஒளி எட்டும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம். அதற்குமேல் போகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார்.

ஆடுகளைப் பற்றி ஒரு வரி போதும். முதல் ஆடு கடந்துவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். இரண்டாவது அதன் பின்னால் வரும்.

“முன் பிரேக்கைத் தொட்டா தூக்கிப் போட்டுடும் சார்” என்று எங்கள் தெரு மெக்கானிக் சொல்வார். வண்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட எனக்குத் தெரியாது. ஆனால் இந்த ஒன்றில் அவரோடு நான் உடன்படவில்லை. வேகம் குறையும்போது பாரம் முன் சக்கரத்துக்கு மாறுகிறது. புவிஈர்ப்பு மையத்தின் உயரம், இரு சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் பாதி என்று கொள்வோம். வினாடிக்கு 6 மீட்டர் வீதம் வேகம் குறையும்போது மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு 30 பங்கு முன்னால் நகரும். பாதிப் பாதியாக இருந்தது, முன்னால் 80, பின்னால் 20 என்று ஆகிவிடும். பாரம் இல்லாத பின் சக்கரத்தை மட்டும் பிடித்தால் அது வழுக்கும்; வண்டி நிற்காது. தூக்கிப்போட வேண்டுமானால் வினாடிக்கு 10 மீட்டர் வீதம் வேகம் குறைய வேண்டும். நம் ஊர்த் தார் அத்தனை பிடிமானத்தை எளிதில் தருவதில்லை. மெக்கானிக் கண்ட விபத்துகள் பொய்யல்ல. மணலிலும், ஈரமான சாக்கடை மூடியிலும், முன் பிரேக்கை ஒரே வெட்டாகப் பிடித்தவர்கள் அவர்கள். எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோலப் படிப்படியாக அழுத்த வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஈரத் தாருக்கு இல்லாத பிடிமானத்தை அதனாலும் உண்டாக்க முடியாது.

துரத்தி வரும் நாய்? வேகத்தைக் கூட்டித் தப்பிக்கச் சொல்வார்கள். வேகம் கூட்டிய வண்டிக்கு முன்னால் ஒரு குழந்தையோ வேகத்தடையோ வந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் சொல்வதில்லை. மெல்லக் குறையுங்கள், தேவையானால் நிறுத்துங்கள். ஓடுவதைத் துரத்துவதே நாயின் சுபாவம். நிற்பதைக் கண்டு பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும். காலை நீட்டி உதைப்பது மட்டும் வேண்டாம். பின்னிருக்கையில் இருக்கும் நீங்கள் காலை மேலே தூக்குவதும், கத்துவதும், ஒரு பக்கமாகச் சாய்வதும் நாயைவிட ஆபத்து.

தெருவில் மாடு விடுகிறவர்கள்மேல் குற்றம் இல்லையா என்று கேட்கலாம். நிச்சயம் உண்டு. 2024 ஜூன் மாதம் திருவொற்றியூரில் ஓர் எருமை ஒரு பெண்ணை முட்டித் தெருவில் இழுத்துச் சென்றது. காப்பாற்றப் போனவர்களுக்கும் காயம். அதே ஆண்டு சென்னை மாநகராட்சி அபராதத்தை முதல் முறைக்கு 10,000 ரூபாய் என்று உயர்த்தியது. நாய்களுக்குக் கருத்தடை செய்யும் மையம் ஒன்று எங்கள் புளியந்தோப்பிலேயே இருக்கிறது. இவையெல்லாம் நடக்கட்டும், இன்னும் வேகமாக நடக்கட்டும். ஆனால் குற்றம் யாருடையது என்று டயருக்குத் தெரியாது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். நண்பனை ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லி, அதன் கீழ்முனைக்கு அருகில் உங்கள் விரல்களை விரித்து வையுங்கள். அவன் சொல்லாமல் விடட்டும், நீங்கள் பிடியுங்கள். 20 செ.மீ. விழுந்தபின் பிடித்தால் உங்களுக்கு 0.2 வினாடி ஆயிற்று. அளவுகோல் விழும் என்று காத்திருந்தபோதே அவ்வளவு. அடுத்தபடியாக, உங்கள் தெருவில் வாகனம் வராத நேரத்தில், பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஓரிடத்திலிருந்து 14 மீட்டரிலும், 21 மீட்டரிலும், 40 மீட்டரிலும் சாக்பீஸால் மூன்று கோடுகள் போடுங்கள். கடைசிக் கோடு, அறுபதில் வரும் வண்டி உலர்ந்த சாலையில் நிற்கும் இடம். அப்பாவை அழைத்து வந்து அந்தக் கோட்டருகே நிற்கச் சொல்லுங்கள். அங்கிருந்து தொடக்கக் கோட்டை அவர் திரும்பிப் பார்க்கட்டும்.