முந்துவதா? பொறுப்பதா?

பொருள் ஒன்றை வாங்குமுன் அதன் தேவை, தரம், விலை ஆகியவற்றை எண்ணிப் பார்ப்பது நம் மக்களின் பழைய வழக்கம். துணி எடுக்க ஆடித் தள்ளுபடி வரை பொறுத்திருக்கும் இல்லங்கள் நம்மிடையே பல. ஆயின் அவ்வில்லத்து இளைஞரோ, கணினி விளையாட்டு ஒன்று வெளிவரும் நாளிலேயே, சிலபோது வெளிவருமுன்னரே, முழு விலை கொடுத்து வாங்கத் துடிக்கின்றனர். இவ்விரைவு தேவைதானா என்பதே ஈண்டு நாம் ஆராயும் வினா.

'பிளேஸ்டேஷன் 5' கருவிக்குரிய பெரிய விளையாட்டுகள் பல, நம் நாட்டில் 4,999 ரூபாய் விலையில் வெளிவந்துள்ளன. விடுதி உணவுக் கட்டணத்தோடு ஒப்பிட்டு நோக்கின் இத்தொகையின் கனம் விளங்கும். இத்தகைய விளையாட்டுகளுள் பல, ஓரிரு ஆண்டுகளில் தள்ளுபடி நாள்களில் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. 'ஸ்டீம்' எனும் இணைய விற்பனையகம் கோடையிலும் குளிர்காலத்திலும் பெருந்தள்ளுபடி அளிப்பதை இளைஞர் அறிவர்.

விலை குறைவது மட்டுமன்று. துணி கடையில் கிடக்கக் கிடக்க மங்கும். கணினி விளையாட்டோ பெரும்பாலும் நாளாக ஆகத் திருந்தும். பிழைகள் களையப்படும், புதிய பகுதிகள் சேரும். எனவே முந்தியவர் மிகுந்த விலைக்குக் குறையுள்ள பொருளையும், பொறுத்தவர் குறைந்த விலைக்கு நிறைவான பொருளையும் பெறும் விந்தை இங்கு நிகழ்கிறது.

போலந்து நாட்டு நிறுவனம் ஒன்று உருவாக்கிய 'சைபர்பங்க் 2077' இதற்குத் தக்க சான்று. வெளிவருமுன்னரே 80 இலட்சம் படிகள் முன்பதிவாயின. 2020 டிசம்பர் 10இல் அது வெளிவந்தபோது, பழைய கருவிகளில் பிழைகள் மலிந்து கிடந்தன. சோனி நிறுவனம் அதே மாதத்தில் தன் இணையக் கடையிலிருந்து அதனை நீக்கி, பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தது. 2023 செப்டம்பரில் வந்த பெருந்திருத்தத்திற்குப் பின்னர் அவ்விளையாட்டே பலராலும் பாராட்டப்பெற்றது.

விளையாடும் கருவிகளிலும் இந்நிலை உண்டு. நிண்டெண்டோவின் '3டிஎஸ்' 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்தது. ஆகஸ்டிலேயே 170 டாலராயிற்று. முந்தி வாங்கியோரின் மனக்குறையைத் தணிக்க, பழைய விளையாட்டுகள் 20 இலவசமாக வழங்கப்பெற்றன.

பொறுத்தார்க்கு எப்போதும் ஊதியமே எனவும் கூறுதற்கில்லை. 'பிளேஸ்டேஷன் 5' கருவியின் விலை அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் 50 டாலர் ஏறியது. நிண்டெண்டோவின் சொந்த விளையாட்டுகள் எளிதில் விலை இறங்குவதில்லை. பலர் கூடி இணையத்தில் ஆடுவனவற்றில் தொடக்கத்தில்தான் களம் நிறைந்திருக்கும். 2014இல் வெளிவந்த 'தி க்ரூ' எனும் கார்ப் பந்தய விளையாட்டு, 2024 மார்ச் இறுதியில் அதன் இணைய வசதி நிறுத்தப்பட்டதும், விலை கொடுத்தவர்க்கும் பயனற்றுப் போயிற்று.

எல்லாரும் காத்திருப்பின் படைப்பாளர் எவ்வாறு வாழ்வர் எனச் சிலர் வினவுவர். நேரிய வினாவே. முதல் நாள்களின் வருவாயே பல நிறுவனங்களைத் தாங்குகிறது. ஆயின் முடிவுறாப் பொருளை விற்கும் துணிவை அவர்க்கு அளிப்பதும் கண்மூடித்தனமான முன்பதிவே. முன்பதிவு, பண்டம் தீர்ந்துவிடும் என்ற அச்சத்தில் எழுந்த வழக்கம். இணையத்தில் இறக்கிக்கொள்ளும் விளையாட்டு தீர்வதில்லை. அங்கு அவ்வச்சத்திற்கு இடமேது?

ஆகவே நாம் கூறுவது இது: தனித்து ஆடும் விளையாட்டாயின் ஓராண்டு பொறுக்கலாம். நண்பருடன் கூடி ஆடுவதாயின் ஒரு வாரமேனும் பொறுத்து, ஆடிப் பார்த்தோர் கருத்தறிந்து வாங்கலாம். காணாத பொருளுக்கு முன்பணம் கட்டுதல் மட்டும் எவ்வகையிலும் வேண்டா. பெற்றோர் உழைத்து ஈட்டிய பணம் மாணவர் கையில் உள்ளது. அதனைச் செலவிடும் நாளை விற்பவரின் விளம்பரம் குறிக்க விடலாகாது. அந்நாளை மாணவரே குறித்தல் வேண்டும்.