மலைநாடும் வெளிநாட்டுச் சந்தையும்

ஏற்றுமதி என்ற சொல்லைக் கேட்டவுடன் மலைநாட்டாராகிய நம் மனத்தில் தோன்றுவது தேயிலைப் பெட்டியே. அப்பெட்டி கப்பலேறிய அதே வழியில் நம்மை நோக்கி வந்த வேறொரு சரக்கைப்பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. கொழுந்தை உருட்டும் இயந்திரமும், உலர்த்தும் இயந்திரமும், அவற்றை இயக்கும் முறையும் பெரும்பாலும் கடல் கடந்தே வந்தன. உலகுக்குத் தேநீரை விற்ற நாம், தொழினுட்பத்தைப் பொறுத்தமட்டில் பிறருக்கு நல்ல சந்தையாகவே நெடுங்காலம் இருந்து வந்துள்ளோம்.

அவ்வியந்திரங்களை நமக்கு விற்றவர் யார் என்பதை ஆராய்ந்து பார்த்தல் பயன் தரும். சாமுவேல் டேவிட்சன் என்ற அயர்லாந்து இளைஞர் 1864ஆம் ஆண்டில் இந்தியாவின் கச்சார் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றுக்கு வேலைக்கு வந்தார். கரியடுப்பின்மேல் கொழுந்தை உலர்த்தும் பழைய முறையின் குறைகளை அருகிருந்து கண்டார். சூடேற்றிய காற்றைச் செலுத்தி உலர்த்தும் இயந்திரத்தை அமைத்தார். 1881இல் பெல்பாஸ்ட் நகரில் தம் தொழிற்சாலையைத் தொடங்கினார். ‘சிரோக்கோ’ என்ற பெயர் பொறித்த அவருடைய இயந்திரங்களை நம் பழைய தொழிற்சாலைகளிற் பலர் கண்டிருப்பர். பெல்பாஸ்டில் தேயிலை விளைவதில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! அவர் விற்றது இரும்பை மட்டுமன்று. தோட்டத்தில் நின்று கற்ற அனுபவத்தையும் சேர்த்தே விற்றார்.

அந்த அனுபவம் இன்று நம்மவரிடம் குறைவின்றி இருக்கிறது. இல்லாதது அதனை விலைப்பொருளாக்கும் துணிவே. இலங்கையர்க்கு இஃது இயலாத காரியம் என்பார் இலண்டன் பங்குச் சந்தையின் வரலாற்றைப் பார்க்கட்டும். கொழும்பையடுத்த மாலபேயில் இயங்கிய மில்லேனியம் ஐ.டி. என்னும் மென்பொருள் நிறுவனத்தை அச்சந்தை 2009ஆம் ஆண்டில் 3 கோடி அமெரிக்க டொலர் கொடுத்து வாங்கியது. 2011 முதல் இலண்டனின் பங்கு வணிகம் நம் நாட்டு இளைஞர் ஆக்கிய மென்பொருளின்மீது நடைபெறத் தொடங்கியது. முற்காலத்தில் நம் தேயிலைக்கு விலை கூறிய நகரம் அதுவேயன்றோ!

மாலபே தலைநகரின் வாசலில் உள்ளது, கினிகத்தேனையோ மலையின்மேல் உள்ளது என்ற மறுப்பு எழக்கூடும். அதற்கு விடை தமிழகத்தில் இருக்கிறது. 1996இல் தொடங்கப்பெற்று இன்று ஸோஹோ என்ற பெயரால் அறியப்படும் நிறுவனம், 2011ஆம் ஆண்டில் தென்காசியையடுத்த மத்தளம்பாறைச் சிற்றூரில் ஓர் அலுவலகத்தை நிறுவியது. வாடிக்கையாளரின் முறைப்பாடுகளைக் கையாளும் அதன் மென்பொருளொன்று அவ்வூரிலேயே உருவாகிப் பல நாடுகளுக்கும் விற்பனையாகிறது. மத்தளம்பாறையும் மலையடிவாரமே, அங்கும் மழை பெய்கிறது. மின்சாரத்துக்கும் நமக்குக் குறையில்லை. லக்சபானவும் நோர்ட்டனும் நம் அயலிலேயே உள்ளன.

அப்படியாயின் எதனை விற்பது? பிறர் விற்பதையே நாமும் விற்கப் புறப்படின் தோல்வியே கிட்டும். நாம் அறிந்த பொருள் ஒன்று உண்டு. அது கொழுந்து நிறுவை. மடுவத்தில் தராசின்முன் நிற்கும் தாய்மாரின் முகத்தை அறியாதவர் நம்முள் எவருமிலர். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முற்றிய இலைக்கு இவ்வளவு என்று கழித்தபின் எஞ்சுவதே அவர்களுடைய கணக்கில் ஏறும். நம் பகுதியோ தீவிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. கொழுந்தின்மேல் நிற்கும் நீரின் எடை எவ்வளவு என்பது இங்கே ஆண்டு முழுவதும் நடக்கும் வழக்கு. மின்னணுத் தராசு சில தோட்டங்களுக்கு வந்துவிட்டது உண்மையே. ஆயினும் தராசு சொல்வது வேறு, கழிவு சொல்வது வேறு. ஈரத்தை அளந்து, கழித்த அளவையும் அதன் காரணத்தையும் கொழுந்து பறித்தவருக்கே அவர் மொழியில் அச்சிட்டுக் கொடுக்கும் சிறு கருவியும் அதற்குரிய மென்பொருளும் இரு தரப்பாரின் சந்தேகத்தையும் பெருமளவு தீர்க்கும்.

இதற்கு வெளிநாட்டில் சந்தை உண்டா? கென்யாவில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுநில உடைமையாளர் தம் கொழுந்தை நிறுத்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கின்றனர். நீலகிரியிலும் சிறு விவசாயிகள் பலர் தொழிற்சாலைகளுக்குக் கொழுந்து விற்றே வாழ்கின்றனர். நிறுத்துக் கொடுப்பவரும் நிறுத்து வாங்குபவரும் உள்ள இடமெங்கும் இவ்வையம் உண்டு. அங்கெல்லாம் கருவி விற்பவர் முன்னரே இருப்பர். ஆனால் கொழுந்துக் கூடையைச் சுமந்த குடும்பத்திற் பிறந்து கணிதமும் கற்றவர் எத்தனை பேர் இருப்பர்?

நம்மவர் பின்தங்கியதற்குக் காரணம் சோம்பல் என்று சிலர் கூறுவதை நான் ஏற்கமாட்டேன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த நம் முன்னோருட் பலர், கடவுச்சீட்டுமின்றி, அரசாங்க உத்தியோகத்துக்கும் உரிமையின்றி வாழ்ந்தனர். எஞ்சியோரின் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பெரிதும் தீர்ந்தது. எனவே வெளிநாட்டாருடன் தன் பெயரில் ஒப்பந்தம் எழுதக்கூடிய தலைமுறை, பலருடைய குடும்பத்தில் இப்பொழுதுதான் தலையெடுத்திருக்கிறது. இத்தலைமுறையும் நம் கல்லூரியில் விஞ்ஞானம் கற்றுக் கொழும்புக் கடைகளிற் பற்றுச்சீட்டு எழுதப் போகுமானால், அக்குற்றத்தைச் சட்டத்தின்மீது சுமத்த இயலாது.

வெளிநாட்டு வணிகன் முதலிற் கேட்கும் கேள்வி, “இக்கருவியை உங்கள் ஊரில் யார் உபயோகிக்கிறார்?” என்பதே. அதற்கு விடையின்றி நைரோபிக்கு விமானச் சீட்டு வாங்குவது வீண். பழைய மாணவருள் தோட்ட நிர்வாகத்திலும் தொழிற்சாலைகளிலும் பொறுப்பான பதவி வகிப்போர் பலர் உளர். அவர்களுள் ஒருவர் தம் மடுவங்களுள் ஒன்றை, ஒரு தென்மேற்குப் பருவமழைக் காலம் முழுவதும், நம் மாணவர் நால்வரின் பரிசோதனைக்கு விட்டுக்கொடுப்பாரானால் அதுவே முதற் கடிதத்துக்குப் போதிய சான்றாகும். கருவிக்காகும் செலவைச் சங்கம் ஏற்கலாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாக முன்மொழிய எண்ணியுள்ளேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.